நிரலும் நிழலும்: கறுப்பு வெள்ளைக் காலத் தில்லித் தொலைக்காட்சி

ஒரு நாளின் ஒளிபரப்பு நிரலைப் பனுவலாகக் கொண்டு திறனாய இயலுமா என்னும் வினா இலக்கியத் திறனாய்வாளர்க்கு விந்தையாகத் தோன்றலாம். தொலைக்காட்சியின் முதற்காலத்தைப் பொறுத்தவரை இதனைத் தவிர வேறு வழி குறைவு. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாக நிகழ்த்தப்பெற்று, அப்பொழுதே மறைந்தன. எஞ்சியவை நிரல்களும் அறிக்கைகளும் மதிப்பீடுகளுமே. 1936 நவம்பர் 2-ஆம் நாள் இலண்டன் அலெக்சாந்திரா அரண்மனையிலிருந்து பி.பி.சி. தொடங்கிய ஒளிபரப்பின் தொடக்ககாலப் பெரும்பகுதியும் இன்று 'ரேடியோ டைம்ஸ்' இதழின் அச்சுப் பத்திகளில் மட்டுமே வாழ்கிறது. உரை மேற்கோள்களால் மட்டும் அறியப்படும் மறைந்துபோன நூல்களோடு பழகிய தமிழாய்வுலகிற்கு இந்நிலை புதியதன்று.

நிரலில் உள்ளவற்றைப் போலவே அதில் இல்லாதவையும் பொருள் தருவன. பிரிட்டனில் 1957 பிப்ரவரி வரை மாலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஒளிபரப்பு நிறுத்தப்பட்டிருந்தது. குழந்தைகளை உறங்கச் செய்யப் பெற்றோர்க்கு இவ்விடைவெளி உதவும் எனக் கருதப்பட்டது. வணிகத் தொலைக்காட்சி 1955-இல் வந்தபின் அந்த ஒரு மணி நேரம் விளம்பர வருவாயின் இழப்பாகக் காணப்பட, வழக்கம் கைவிடப்பட்டது. திரையில் ஒன்றும் இல்லாத அந்த ஒரு மணி நேரமே அந்நாட்டுத் தொலைக்காட்சி யாரை மனத்திற் கொண்டிருந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. வீடு, தாய், கட்டில், குழந்தை ஆகியவை அந்நிரலின் உட்பொருள்.

தில்லியின் நிரல் வேறொரு பார்வையாளரைக் கற்பித்துக்கொண்டது. 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் தொடங்கிவைத்த சோதனை ஒளிபரப்பு, நாடாளுமன்றத் தெருவிலுள்ள ஆகாசவாணி பவனிலிருந்து எழுந்து ஏறத்தாழ 40 கி.மீ. எல்லைக்குள் அடங்கியது. வாரத்தில் இரு நாள்களே ஒளிபரப்பு நிகழ்ந்தது. யுனெஸ்கோ உதவியால் பெறப்பட்ட பெட்டிகள் தனி இல்லங்களுக்குச் செல்லவில்லை. பொது இடங்களில் அமைந்த தொலைக்காட்சி மன்றங்களுக்குச் சென்றன. 1960-இன் இறுதி முதல் 1961 மே வரை சமூகக் கல்விக்கென 20 நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. சாலை ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், உணவுக் கலப்படம் போன்றவை அவற்றின் பொருள்கள். நிகழ்ச்சி முடிந்தபின் மன்றத்தார் அமர்ந்து விவாதித்தனர். பார்ப்பதற்கு முன்னும் பின்னும் அவர்களிடம் வினாக்கள் எழுப்பப்பட்டன. பால் நியூராத் இத்திட்டத்தின் விளைவை மதிப்பிட்டார்.

இக்காலத் தில்லித் தொலைக்காட்சியைப் 'படம் சேர்த்த வானொலி' என ஒதுக்குவாருண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 1976 வரை தொலைக்காட்சி வானொலித் துறையின் ஓர் உறுப்பாகவே இயங்கியது. இரண்டையும் பிரிக்கவேண்டுமெனச் சந்தா குழு 1966-இலேயே பரிந்துரைத்தும், 1976 ஏப்ரல் 1-இல்தான் தூரதர்ஷன் தனியமைப்பாயிற்று. பேச்சின் ஆட்சி, அசையாத படப்பிடிப்பு, அலுவலர் குரலின் தொனி ஆகிய குறைகளுக்கு இதுவே பெருங்காரணம். எனினும் இக்குற்றச்சாட்டு திரையை மட்டும் நோக்குகிறது. அவ்வொளிபரப்பின் பாதி திரைக்கு வெளியே, மன்றத்தில் நடந்தது என்பதை அது மறந்துவிடுகிறது.

பெயர்களும் இங்குக் கருதத்தக்கவை. தூரதர்ஷன், தொலைக்காட்சி ஆகிய இரண்டும் 'டெலிவிஷன்' என்பதன் பெயர்ப்புகளே. ஆயினும் அவற்றின் பின்புலம் ஒன்றன்று. தரிசனம் அருளப்படுவது; பெறுபவர் வணங்கி விலகுவார். தமிழ் மரபிலோ காட்சி ஒரு தொடக்கம். அகப்பொருள் நூலார் காட்சியைத் தொடர்ந்து ஐயத்தையும் துணிவையும் வைத்தனர். புறத்திணையில் நடுகல்லுக்குரிய துறைகள் காட்சியில் தொடங்கிக் கால்கோள், நீர்ப்படை என நடக்கின்றன. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காட்சிக் காதையில் குன்றக் குறவர் தாம் கண்டதைச் செங்குட்டுவனிடம் உரைப்பதே பின்வரும் செயல்களுக்கெல்லாம் வித்தாகிறது. கண்டவர் பேசவேண்டும் என்னும் இம்மரபிற்கு, தில்லி மன்றங்களின் நடைமுறை, தன்னையறியாமலே, பெயரளவிலான தரிசனத்தைவிட அணுக்கமாக நின்றது. பெயரிட்டோர் இதனை எண்ணியிருப்பர் என்று கொள்வது மிகையாகும்.

1961 அக்டோபர் 24-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் பள்ளித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆய்வுக்கூட வசதி போதாத பள்ளிகளுக்கு அறிவியல் பாடங்களைக் காட்டுவது அதன் முதன்மை நோக்கம். இங்கும் வகுப்பாசிரியர் ஒளிபரப்பிற்கு முன்னும் பின்னும் பேசவேண்டியவரானார். 1965 ஆகஸ்டு 15 முதல் நாள்தோறும் ஒரு மணி நேர ஒளிபரப்பு நடைபெறலாயிற்று, செய்தியறிக்கையும் இடம்பெற்றது. பிரதிமா புரியின் குரலும் முகமும் அக்காலத் தில்லியார்க்கு அறிமுகமாயின. 1967 சனவரி 26-இல் 'கிருஷி தர்ஷன்' எழுந்தபோது, தில்லியைச் சூழ்ந்த 80 சிற்றூர்களின் சமுதாயப் பெட்டிகளே அதன் இலக்கு. உழவர் மாலையில் கூடிக் காண்பதற்கென அமைந்த இந்நிகழ்ச்சியை மன்ற மரபின் கடைசி வலுவான கிளை எனலாம். 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள்வழி ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் சென்ற ஒளிபரப்பு அதே எண்ணத்தைப் பேரளவில் சோதித்தது. ஓராண்டு கழிந்தது, செயற்கைக்கோளும் இடம்பெயர்ந்தது.

இந்நிரலின் மொழி தனித்து ஆராயத்தக்கது. தில்லி நிலையத்தின் மொழி இந்தி, ஓரளவு ஆங்கிலம். 40 கி.மீ. எல்லைக்குள் அஃது இயல்பானதே. அதே நாடாளுமன்றத் தெருவிலிருந்து வானொலி தமிழிலும் செய்தி சொல்லியது. சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலைத் தமிழகம் தில்லியின் குரலாகவே அறிந்திருந்தது. கரோல் பாக்கில் குடியிருந்த தமிழ்க் குடும்பத்திற்குத் தில்லியின் காதும் கண்ணும் இருவேறு மொழியினவாயின. வானொலி பன்மொழியை உடன்பிறந்த இயல்பாகக் கொண்டது. தொலைக்காட்சிக்கு அவ்வியல்பு வாய்க்கவில்லை. இது தொழில்நுட்பத்தின் குறையன்று, திட்டமிட்டோர் பார்வையின் குறை.

அக்குறை 1982-இல் பெருகி வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 15-இல் இன்சாட்-1ஏ வழியாகத் தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் ஒருங்கே வந்தன. நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வண்ணத்திற்குப் பெருவிழா எடுத்தன. வண்ணத்தின் வருகையே அன்று பெரிதும் பேசப்பட்டது. நிகழ்ந்த மாற்றங்களுள் அது சிறியது. ஒரு நகரின் அளவிற்கு வகுக்கப்பட்ட மாலை நிரல், மொழியுடன் சேர்ந்து, நாட்டின் நிரலாயிற்று. சென்னை நிலையத்தின் மாலைப்பொழுது தேசிய நிகழ்ச்சிக்கு இடம் விட்டு ஒதுங்கவேண்டியதாயிற்று. தில்லி மையப் போக்கினைப் பி.சி. ஜோஷி குழுவின் அறிக்கையும் கடிந்தது. ஆனால் தில்லியின் பழைய நிரலிலிருந்து நாடு முழுவதற்கும் கொண்டுசெல்லத் தக்கதாக இருந்தது மன்றம். கொண்டுசெல்லப்பட்டதோ மொழியும் அலுவலர் தொனியும்.

சென்னையில் 1975 ஆகஸ்டு 15-இல் ஒளிபரப்பு தொடங்கியபோது பெட்டி வைத்திருந்தோர் சிலரே. 'ஒளியும் ஒலியும்' ஒளிபரப்பாகும் மாலைகளில் அண்டை வீட்டார் அச்சிலர் இல்லங்களில் கூடினர். சிறுவர் தரையிலும் முதியோர் நாற்காலியிலும் அமர, எஞ்சியோர் சன்னலுக்கு வெளியே நின்றனர். யுனெஸ்கோவும் அமைக்காத மன்றம் அது. அங்கும் நிகழ்ச்சிக்குப்பின் விவாதம் நடந்தது, பெரும்பாலும் அடுத்த வாரம் எந்தப் பாட்டு வரும் என்பது குறித்து.