கண்டுபிடிக்கப்படாதவை

ஆதர் சி. கிளார்க்கின் 'த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' (1957) நூலை அண்மையில் மறுபடியும் வாசித்தோம். இலங்கைக் கடலில் சுழியோடிய அனுபவங்கள். விறுவிறுப்பான எழுத்து, மறுக்கவில்லை. திருகோணமலை சுவாமி மலையடியில் 1956இல் அவரும் மைக் வில்சனும் இறங்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த கோயில் அது. கடலிலிருந்து எடுத்த இலிங்கம் பின்னர் கோயிலுக்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் இச்சம்பவத்தைப் பேசுவோர் எல்லோரும் சொல்லும் 'கண்டுபிடிப்பு' என்ற சொல் எம்மை இடறுகிறது. அந்தப் பாறை விளிம்பில் நின்று பூசகர் கடலுக்குப் படையலிடுவதை எமர்சன் டெனன்ற் 1859இலேயே எழுதிவிட்டார். கோயில் போன பிறகும் சனங்கள் அந்த இடத்தை விடவில்லை. கீழே கிடப்பது என்னவென்று அவர்களுக்கா தெரியாது?

இதே சொல்லின் மறுபக்கம் சட்டத்தில் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், இன்னும் கண்டுபிடிக்கப்படாத தொல்பொருட்கள் மண்ணுக்குள்ளோ ஆற்றிலோ குளத்திலோ நாட்டின் கடலெல்லைக்குள்ளோ எங்கே கிடந்தாலும் முடிக்கே முழுச் சொத்து என்றது. பிறகு முடி போய் அரசு வந்தது. வாசகம் அப்படியே இருக்கிறது.

சட்டத்தைச் சும்மா திட்டித் தீர்ப்பதிலும் நியாயமில்லை. அது இல்லாவிட்டால் புதையல் தோண்டுகிறவன் எல்லாவற்றையும் விற்றிருப்பான். 1659இல் காலித் துறையில் தாண்ட ஒல்லாந்தக் கப்பல் 'அவொன்ட்ஸ்டர்' 2001க்குப் பின் முறையாக அகழப்பட்டதும் அரச அமைப்புகளின் கையால்தான்.

கேள்வி, அந்த அரசு யார் என்பதே. 2020 யூனில் கோட்டாபய ராஜபக்ச கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென ஒரு செயலணி அமைத்தார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். பிக்குமார் இருந்தார்கள், பொலிஸ் அதிகாரி இருந்தார். நியமித்த நாளில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கிழக்கில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் இவ்விரு சாராரும்தான். கல்லை வைத்திருப்பதோடு அரசு நிற்பதில்லை. அந்தக் கல் என்ன சொல்கிறது என்பதையும் தானே சொல்ல நினைக்கிறது. சுற்றியுள்ள வயற்காரனுக்கு அதற்குப் பிறகுதான் பயம் தொடங்குகிறது.

எம்மிலும் பிழையுண்டு. கந்தரோடையின் சிறு தூபிகளைக் கண்டதும், அது அவர்களுடையது என்று நாமாகவே விட்டுக்கொடுத்தோம். அல்லது அது எல்லாம் பொய் என்று கத்தினோம். மணிமேகலையைத் தமிழில் வைத்திருக்கிற நாம், அங்கே தமிழ்ப் பௌத்தர் இருந்திருக்கலாம் என்று வாய்திறக்க இவ்வளவு காலம் எடுத்தோம். புலம்பெயர்ந்த மேடைகளில் இன்றைக்கும் அதைச் சொன்னால் முதலில் வருவது, "நீ யாரின்ர ஆள்?" என்ற கேள்விதான்.