முத்துலட்சுமி ரெட்டி: "முதல் பெண்" பட்டியலுக்கு அப்பால்

முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை சாஃப்ட்வேர் ரிலீஸ் நோட்ஸ் மாதிரி இருக்கும். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல் மாணவி, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், மேலவையின் முதல் பெண் துணைத் தலைவர். எல்லாம் சரிதான். ஆனா இந்தப் பட்டியலைப் படிச்சா, அவர் எதுக்காகச் சண்டை போட்டார், யாரோடு போட்டார் என்பது தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ஆள் நியூசிலாந்தில் இருக்கிறார்: மாவோரி மருத்துவர் மாவி போமரே. இவரும் டாக்டர், இவரும் சட்டமன்றத்துக்குப் போனவர், 1923-ல் சுகாதார அமைச்சரானவர். தன் இனத்தின் பாரம்பரிய வைத்தியர்களான 'தொஹுங்கா'க்களை ஒடுக்கும் 1907 சட்டத்தை ஆதரித்தார். அது 1962-ல் ரத்தானது. முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இருவரும் உள்ளே இருந்து பேசியவர்கள். தங்கள் ஆட்களிடமே கெட்ட பேர் வாங்கியவர்கள்.

தேவதாசி விவகாரத்தில் நாம் வழக்கமாக இரண்டு கதைகள்தான் சொல்கிறோம். ஒன்று, அடிமைகளை மீட்ட தாய். இன்னொன்று, கலைஞர்களின் பிழைப்பைக் கெடுத்த சீர்திருத்தவாதி. முதல் கதையில் அன்றைய தேவதாசிகளின் குரல் கிடையாது. பெங்களூரு நாகரத்தினம்மாள் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள், சங்கம் வைத்து அரசுக்கு மனு கொடுத்தார்கள். 'நாங்கள் வேறு, விலைமாதர் வேறு' என்பது அவர்கள் வாதம். முத்துலட்சுமியின் பேச்சில் அந்த வித்தியாசத்துக்கு இடமில்லை. நோயையும் ஒழுக்கத்தையும் ஒரே மூச்சில் பேசியது அவருடைய பெரிய குறை. 1947 சட்டம் பொட்டுக் கட்டுவதை மட்டுமல்ல, கோயிலில் பெண்கள் ஆடுவதையே தடை செய்தது.

இரண்டாவது கதை விட்டுவிடுவது 1929 சட்டத் திருத்தத்தை. தேவதாசிகளுக்குக் கோயில் சேவைக்காக மானிய நிலம் இருந்தது. சேவையை விட்டால் நிலம் போகும். அந்தக் கட்டை அவிழ்த்து, நிலம் அவர்களிடமே இருக்க வழி செய்த திருத்தம் அது. வெறும் ஒழுக்கம் பேசுகிறவருக்கு இது தோன்றாது. சோறு எங்கிருந்து வரும் என்று யோசித்தவருக்குத்தான் தோன்றும். அடுத்த வருஷம், விடுதிகள் சேர்க்க மறுத்த பெண் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம்.

அவருடைய தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954-ல், 12 படுக்கைகளோடு. நடுவில் 31 வருஷம். திறக்கும்போது அவருக்கு வயது 67. இந்த 31 வருஷத்தைத்தான் யாரும் விரிவாக எழுதுவதில்லை. 'முதல்' என்று போட அதில் ஒன்றுமில்லை. நிதி கேட்டதும் காத்திருந்ததும் மட்டுமே இருக்கின்றன.

எங்க பாம்பன் பக்கம் புற்றுநோய் என்று தெரிந்தால், 'அடையாறு போய்ப் பாருங்க' என்று சொல்ல யாராவது ஒருத்தர் இருப்பார். ராத்திரி ரயிலில் ஏறுகிற மீனவக் குடும்பத்துக்கு அவர் பேர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

என் கணிப்பு இது: ஒரு கூட்டத்தைப் பற்றி மேடையில் பேசியபோது முத்துலட்சுமி தவறினார். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி வாசலில் வந்து நின்றபோது தவறவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவர் குறைந்துபோக மாட்டார். பட்டியலில் இருப்பவரைவிட, நாம் கற்றுக்கொள்ளக்கூடிய மனுஷி இவர்தான்.