வெண்பனியில் ஓர் அணங்கு

பேய்ப்படம் எடுப்போர் பெரும்பாலும் இருளையே நம்புவர். மழை, மின்னல், பாழடைந்த மாளிகை, அணையப்போகும் விளக்கு என அவர்தம் சரக்குகள் எல்லாம் இரவுக்கு உரியவை. 1952-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் வெளிவந்த 'வெள்ளைத் துருவமான்' என்னும் படமோ இவ்வழக்கத்துக்கு நேர்மாறானது. அதில் அச்சம் பகலொளியில் வருகிறது. கண்ணைக் கூசவைக்கும் பனிப்பரப்பில், ஒளிந்துகொள்ள ஒரு மரமும் இல்லாத திறந்த வெளியில் வருகிறது. பார்ப்பவனுக்கு எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் அவன் நடுங்குகிறான். சிறு முதலில், சிறு குழுவினர் ஆக்கிய ஒரு படம் எழுபது ஆண்டு கடந்தும் பேசப்படுவதற்கு முதற்காரணம் இதுவே எனலாம்.

இப்படத்தை இயக்கிய எரிக் புளோம்பெர்க் அடிப்படையில் ஓர் ஒளிப்பதிவாளர். 1947-இல் துருவமான் மேய்ப்பவர்களின் வாழ்வைக் காட்டும் குறும்படம் ஒன்றை அவர் எடுத்திருந்தார். நெடும்பட இயக்குநராக அவர் அடியெடுத்து வைத்தது 'வெள்ளைத் துருவமான்' படத்தில்தான். இதில் ஒளிப்பதிவும் அவரே. திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் அவர் மனைவி மிர்யாமி குவோஸ்மனென். கதைத்தலைவியாக நடித்தவரும் அவரே. ஆகவே ஒருவகையில் இது ஒரு குடும்பத்தின் கைவேலை. ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்த ஆண்டு அது. உலகமே பின்லாந்தின் தென்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர்களின் கண்ணோ வடகோடியில் இருந்தது. மறு ஆண்டு பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில், கவிஞர் ஜான் காக்தோ தலைமை தாங்கிய நடுவர் குழு மாயக்கதைப் படத்துக்கான பரிசை இதற்கு அளித்தது. 1957-இல் அமெரிக்காவில் கோல்டன் குளோப் பரிசும் கிடைத்தது.

கதை சிறியது, ஒரு நாட்டுப்பாடலுக்கு வேண்டிய அளவே. பனிவெளியில் தள்ளாடிச் செல்லும் ஒரு பெண், குழந்தையொன்றை ஈன்றுவிட்டு இறக்கிறாள். அக்குழந்தை தான் அறியாமலே சூனியக்காரியாகப் பிறந்தவள் என்பதை ஒரு பாட்டு நமக்குச் சொல்லிவிடுகிறது. பிரிதா என்னும் அந்தப் பெண் வளர்கிறாள்; துருவமான் இழுக்கும் சறுக்குவண்டிப் பந்தயத்தில் ஆண்களோடு போட்டியிடுகிறாள்; அஸ்லாக் என்னும் மேய்ப்பனை மணக்கிறாள். அவனுக்கோ மந்தையே தொழில். திங்கள் கணக்கில் அவன் மலைச்சரிவுகளில் திரிய, புதுமணப்பெண் குடிலில் தனித்துக் கிடக்கிறாள். பிரிவைத் தாங்கமாட்டாமல் சால்க்கு நில்லா என்னும் மந்திரக் கிழவனிடம் போகிறாள். அவன் வசிய மருந்து தருகிறான்; வீடு திரும்பும் வழியில் முதலில் எதிர்ப்படும் உயிரைக் கல்தெய்வத்துக்குப் பலியிட வேண்டும் என்கிறான். எதிர்ப்படுவது கணவன் அவளுக்கு அன்போடு கொடுத்த வெள்ளைக் குட்டி. அதைக் கொன்றபின், அவளே வெள்ளைத் துருவமானாக உருமாறி, தன்னைத் துரத்திவரும் ஆண்களைத் தனியிடத்துக்கு இழுத்துச்சென்று உயிர் குடிக்கிறாள்.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது மந்திரத்தின் சொல்நுட்பம். எந்த மேய்ப்பனும் உன்னை வேண்டாது இருக்கமாட்டான் என்பதே கிழவன் தரும் வாக்கு. பிரிதா வேண்டியதோ ஒரே ஒரு மேய்ப்பனை. வாக்கு பொய்க்கவில்லை, எழுத்துக்கு எழுத்து பலிக்கிறது. வெள்ளைத் துருவமான் அரியது. அதைக் கண்ட எந்த மேய்ப்பனாலும் விட்டுவிட முடிவதில்லை. எல்லோரும் அவளை விரும்பித் துரத்துகிறார்கள், விலங்காக. அவள் பெண்ணாக விரும்பிய ஒருவன் மட்டும் வழக்கம்போல் தொழிலுக்குப் போய்விடுகிறான். கேட்டது கிடைத்தும் வேண்டியது கிட்டாமற்போகும் இந்த முரண், எந்நாட்டு நாட்டார் கதைக்கும் உயிர்நாடி. அதைத் திரைக்கதை ஆசிரியர்கள் உரையாடலால் விளக்கவே இல்லை. படம் முழுதும் பேச்சு மிகக் குறைவு. காட்சியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறுவார். அக்கண்கொண்டு நோக்கினால் இப்படத்தின் திறம் தெளிவாகும். அணங்கினால் வரும் அச்சமும் விலங்கினால் வரும் அச்சமும் இங்கே இரண்டாக நிற்கவில்லை. ஓர் உடம்பில் கலந்துவிட்டன. அதிலும் அந்த விலங்கு புலியோ ஓநாயோ அன்று; புல்லும் பாசியும் தின்னும் சாதுவான மான். மானைக் கண்டு யார் அஞ்சுவார்? அஞ்சத்தகாத ஒன்றை அஞ்சவைப்பது எளிய செயல் அன்று. பனிமேட்டின் விளிம்பில் அது அசையாமல் நின்று திரும்பிப் பார்க்கும் காட்சிகளில் வித்தை ஏதும் இல்லை. காண்பவன் மனத்தில் முன்பே விதைக்கப்பட்ட செய்தியே அதனை அணங்காக்குகிறது.

தலைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. பின்லாந்து மொழியில் மனிதர் வளர்க்கும் துருவமானுக்கு 'போரோ' என்று பெயர். காட்டில் திரிவது 'பெயுரா'. படத்தின் மூலப்பெயர் 'வல்கொய்னென் பெயுரா'. பலியான குட்டி வீட்டு மந்தையில் பிறந்தது. பலியிட்டவளோ காட்டு மான் ஆகிறாள். பட்டிக்குள் அடங்கிய வாழ்வைத் தன் கையாலேயே அறுத்துவிட்டு வெளியேறியவள் என்பதை ஒரே சொல் குறித்துவிடுகிறது. ஆங்கிலப் பெயரிலோ நம் மொழிபெயர்ப்பிலோ இந்த வேறுபாடு மறைந்துபோவது வருந்தத்தக்கது.

இதற்குப் பத்தாண்டு முன், 1942-இல், அமெரிக்காவில் ஜாக் தூர்னர் இயக்கிய 'பூனை மனிதர்' என்னும் படம் வந்தது. அதுவும் குறைந்த செலவில் ஆனது; அதிலும் விலங்காக மாறுவாளோ என்று ஐயுறப்படும் ஒரு மனைவி உண்டு. செலவுக்குப் பணமில்லாத தூர்னர் நிழலைப் பயன்படுத்தினார். சுவரில் ஓர் இருட்டுத் திட்டு, நீச்சல் குளத்தருகே ஓர் உறுமல், அவ்வளவே. நிழலுக்குக் கூலி இல்லை. புளோம்பெர்க் பனியைப் பயன்படுத்தினார். அதற்கும் கூலி இல்லை. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. நிழல் எதையோ மறைக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். பனி எதையும் மறைப்பதில்லை; சுற்றிலும் யாருமில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. பிரிதாவின் தனிமை அந்த வெண்மைதான். கல்தெய்வத்தின் முன்னே பனியிலிருந்து கொம்புகளும் மண்டையோடுகளும் முளைத்ததுபோல் நிற்க, அவற்றினூடே அவள் குட்டியை இழுத்துச் செல்லும் காட்சி, படத்தின் சிகரம். ஒரு பெண் தன் மனையறத்தையே பலியிடுகிறாள் என்பதை அதற்கு மேல் யாரும் சொல்லத் தேவையில்லை.

குறை இல்லாத படம் அன்று இது. உருமாறிய பிரிதாவின் வாயில் கோரைப்பல்லைக் காட்டியது தேவையற்ற செயல். அப்பல் பனிநாட்டில் விளைந்ததன்று. மேலை நாட்டு இரத்தக்காட்டேரிப் படங்களிலிருந்து கடன் வாங்கியது. குவோஸ்மனெனின் கண்களே போதும் என்று நம்பியிருக்கலாம். ஐனார் எங்லுண்டின் இசை சில இடங்களில் காட்சிக்கு முன்னே ஓடிப்போய் அறிவிப்புச் செய்கிறது. காற்றின் ஓசை மட்டும் இருந்தால் நெஞ்சு இன்னும் உறைந்திருக்கும். கணவன் அஸ்லாக் பாத்திரமும் மெலிந்தது. அவன் நல்லவன் என்பது தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரிவதில்லை.

இவற்றைக் காட்டிலும் பெரியதொரு கேள்வி உண்டு. இது யாருடைய கதை? லாப்லாந்தின் பழங்குடிகள் சாமியர். (நம் மொழியின் 'சாமி' என்னும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.) நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா என நான்கு நாடுகளில் பிரிந்து வாழும் மக்கள் அவர்கள். படத்தில் வரும் உடை, குடில், மந்தை, முரசு எல்லாம் அவர்களுடையவை. பேசும் மொழி மட்டும் அவர்களுடையது அன்று; பின்லாந்து மொழி. தலைமை நடிகர்களும் பின்லாந்தியரே. கதையும் சாமியர் வாய்மொழி ஒன்றை அப்படியே எடுத்தாண்டதன்று. அவர்தம் நம்பிக்கைகளோடு ஐரோப்பியக் காட்டேரிக் கதையைப் பிசைந்து உருவாக்கியது. தங்கள் சமயத்தின் பழஞ்சின்னங்கள் பிறர் கையில் பேய்க்கதைக்குக் கருவியாவதைக் காணும் சாமியர் ஒருவருக்கு என்ன தோன்றும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

அந்த முரசையே எடுத்துக்கொள்வோம். படத்தில் கிழவன் அதைத் தட்டுகிறான். தோலின்மேல் வைத்த குறிகாட்டி துள்ளுகிறது. தன்முன் நிற்பவள் தன்னினும் வலிய சூனியக்காரி என்று கண்டு கிழவனே வெலவெலத்துப் போகிறான். நாடகம் என்ற முறையில் மிகச் சிறந்த காட்சி. ஆனால் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பாதிரிமாரும் அதிகாரிகளும் இத்தகைய முரசுகளைத் தேடிப் பிடுங்கினர், பலவற்றை எரித்தனர். ஆண்டர்ஸ் பௌல்சன் என்னும் முதிய சாமியர் ஒருவரிடம் 1691-இல் முரசு பறிக்கப்பட்டது. 1692-இல் நார்வேயின் வாட்ஸோ நகரில் அவர்மேல் சூனிய வழக்கு நடந்தது. தீர்ப்பு வருமுன்னரே காவலில் இருந்த அவரை ஒருவன் கோடரியால் கொன்றுவிட்டான். முரசு டென்மார்க்குக்குப் போயிற்று. நெடுங்காலம் அங்கே இருந்து, 2022-இல்தான் நார்வேயின் காரஷோக் ஊரிலுள்ள சாமியர் அருங்காட்சியகத்துக்கு உரிமையாக்கப்பட்டது. முரசைக் கண்டு நடுங்கியவர்கள் யார், முரசினால் உயிரிழந்தவர் யார் என்னும் வரலாறு, படம் காட்டுவதற்கு முற்றிலும் மாறானது.

இதற்காகப் படத்தைத் தள்ளிவிடுவது முறையாகாது. ஆனால் இதனைச் சாமியர் வாழ்வின் சான்றாகக் கொள்வதும் முறையாகாது. அவ்வாழ்வை அவர்தம் மொழியிலேயே காண விரும்புவோர், சாமியரான நில்ஸ் கௌப் 1987-இல் இயக்கிய 'வழிகாட்டி' என்னும் படத்தைக் காணவேண்டும். சாமி மொழியில் எடுக்கப்பட்ட முதல் நெடும்படம் அது. ஆஸ்கர் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது. அதிலும் பனி உண்டு, முரசு உண்டு, கொலை உண்டு. முரசு மட்டும் அங்கே அச்சத்தின் கருவியாக இல்லை. ஒரு குடியைக் கட்டிக்காக்கும் பொருளாக இருக்கிறது.

இனி, 'வெள்ளைத் துருவமான்' யார் பக்கம் நிற்கிறது என்பதில் திறனாய்வாளர் கருத்து ஒருபடித்தாக இல்லை. ஆசைப்பட்ட பெண்ணைக் கொன்று ஊரின் ஒழுங்கை மீட்கும் படம் என்று குறை காண்பாரும் உளர். கதைப்போக்கை மட்டும் பார்த்தால் அது உண்மை. முடிவில் அவள் சாகத்தான் சாகிறாள். ஆயினும் கடைசிப் பகுதியைக் கூர்ந்து நோக்குக. ஊரிலுள்ள ஆண்கள் இரும்பைக் காய்ச்சி ஈட்டி அடிக்கிறார்கள். இரும்பு ஒன்றுதான் அவளைக் கொல்லும். சம்மட்டி ஓசை கேட்கிறது. அந்த ஊருக்குள்ளேயே, எல்லோருக்கும் நடுவே, பிரிதா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது தனக்காக அடிக்கப்படும் ஈட்டி என்பது அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அந்த நொடியில் காண்போர் ஊராரோடு இல்லை, அவளோடு இருக்கிறார்கள். புளோம்பெர்க்கின் ஒளிப்பதிவுக் கருவி அவள் முகத்தைவிட்டு நகர விரும்பாததே அதற்குச் சான்று. அவ்வெண்மானை இறுதியில் குத்துபவன் அஸ்லாக். இத்தனை நாளும் வீட்டுக்கு வர நேரமில்லாத கணவன், அப்போதுதான் அவளைத் தேடிப் பனிவெளியில் நெடுந்தொலைவு வந்திருக்கிறான். ஈட்டி பாய்ந்தபின் குனிந்து பார்க்கிறான். பனியில் கிடப்பது மான் அன்று.