உயிரியல் தேர்வு எதை அளக்கிறது?

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பாடத்துக்கு மொத்தம் 100 மதிப்பெண். எழுத்துத்தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத்தேர்வு உயிரி-தாவரவியல் 35, உயிரி-விலங்கியல் 35 எனச் சரிபாதியாகப் பிரிகிறது. பத்தாம் வகுப்பில் உயிரியல் தனிப்பாடம் அன்று. அறிவியலின் ஒரு பகுதி. அதற்கு எழுத்துத்தேர்வு 75, செய்முறை 25. இந்தக் கணக்கு எல்லா மாணவருக்கும் தெரியும். ஆனால் அந்த மதிப்பெண் எதைக் காட்டுகிறது என்ற கேள்வி அதிகம் எழுப்பப்படுவதில்லை. பாடநூலில் உள்ள தொடரையே வினாவாக்கி, அதே தொடரை விடையாக எதிர்பார்க்கும் தேர்வு, பாடத்தைப் புரிந்துகொண்டவரையும் மனப்பாடம் செய்தவரையும் பிரித்துக் காட்டாது. இரண்டு விடைத்தாள்களும் ஒரே மதிப்பெண்ணைப் பெறும்.

சரியான விடைக்குள் மறையும் பிழை

"ஒளிச்சேர்க்கை என்றால் என்ன? அதன் சமன்பாட்டை எழுதுக" என்பது எல்லோருக்கும் பழகிய வினா. பெரும்பாலான மாணவர்கள் இதற்குச் சரியாகவே விடை எழுதுவர். அதே மாணவரிடம், "சிறு விதையிலிருந்து வளர்ந்த வேப்பமரம் இன்று பல நூறு கிலோ எடையுடன் நிற்கிறது. அந்த எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், பலரும் "மண்ணிலிருந்து" என்பார்கள். சிலர் "தண்ணீரிலிருந்து" என்பார்கள். மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது என்பதை அவர்கள் எழுதிய சமன்பாடே சொல்கிறது. ஆனால் சமன்பாடு தாளில் இருக்கிறது. மண் மனத்தில் இருக்கிறது.

இது தமிழ்நாட்டு மாணவருக்கு மட்டும் உரிய குறை அன்று. 1997இல் அமெரிக்காவில் வெளியான 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற ஆவணப்படத்தில், புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களிடம் இதே கேள்வி கேட்கப்பட்டது. அவர்களும் மண்ணையும் நீரையும்தான் சொன்னார்கள்.

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட், 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் ஏறத்தாழ 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணில் குறைந்தது 2 அவுன்சு அளவே. எனவே மரம் முழுவதும் நீரிலிருந்து உருவானது என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைவுக்குப் பின் 1648இல் இது அச்சில் வந்தது. இந்த எண்களை மட்டும் கொடுத்து, "மண் காரணம் இல்லை என்பதற்கு எந்த எண் சான்று? நீர் மட்டுமே காரணம் என்ற முடிவில் விடுபட்டது எது?" என்று கேட்டால், அது 5 மதிப்பெண்ணுக்கு உரிய நல்ல வினா. இதற்கான விடையைக் கையேட்டிலிருந்து படியெடுக்க முடியாது.

வீட்டுப் பேச்சும் பாடமும்

மாணவர் வகுப்புக்குள் நுழையும்போது வெறும் மனத்தோடு வருவதில்லை. இரவில் புளியமரத்தடியில் படுக்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்திருப்பார். "பேய் இல்லை, இரவில் மரம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, அதனால்தான்" என்று அதற்கு அறிவியல் விளக்கமும் தரப்படுவதுண்டு. இந்த விளக்கத்தில் பாதி உண்மை. தாவரம் இரவில் சுவாசிப்பது சரி. ஆனால் பகலிலும் அது சுவாசிக்கிறது. ஒளிச்சேர்க்கையின் அளவு மிகுதியாக இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை. காற்று ஓடும் திறந்தவெளியில் ஒரு மரம் இரவில் விடும் வாயு, படுத்திருப்பவரை மூச்சுத் திணறச் செய்யாது. "சுவாசித்தலை வரையறு" என்ற வினா இந்தக் குழப்பத்தைத் தொடுவதே இல்லை.

நோய்க்கிருமி "மருந்துக்குப் பழகிவிட்டது" என்ற பேச்சுவழக்கும் இப்படித்தான். மனிதர் காரத்துக்குப் பழகுவதுபோல் ஒவ்வொரு பாக்டீரியாவும் மருந்துக்குப் பழகுகிறது என்று மாணவர் எண்ணிக்கொள்கிறார். உண்மையில், மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் கொண்ட சில பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருகுகின்றன, மற்றவை அழிகின்றன. இயற்கைத் தேர்வு பற்றி ஒரு பக்கம் பிழையின்றி எழுதியவரும் இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்காமல் இருக்கலாம்.

மரபியலிலும் இதே நிலை. 3:1 விகிதத்தைக் கட்டம் போட்டு எழுதுபவரிடம், "பெற்றோர் இருவரும் தலசீமியா மரபணுவைத் தாங்கியவர்கள். முதல் குழந்தைக்கு நோய் உள்ளது. அடுத்த மூன்று குழந்தைகளும் நோயின்றிப் பிறப்பது உறுதியா?" என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு பேற்றிலும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதை உணராதவர் "உறுதி" என்றே எழுதுவார். பின்னாளில் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவு இந்த விடையைச் சார்ந்திருக்கலாம்.

நீட் தேர்வு மாற்றாகுமா?

பொதுத்தேர்வின் மனப்பாட முறைக்கு நீட் தேர்வு மாற்று என்று சிலர் கருதுகின்றனர். நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு உரியது. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். வடிவம் வேறு, ஆனால் உயிரியல் வினாக்களில் பல, என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் தொடர்களை ஒட்டியே அமைகின்றன. அதனால்தான் பயிற்சி மையங்கள் அந்நூலை வரிவரியாகப் படிக்கச் சொல்கின்றன. ஒன்று பத்தியை மனப்பாடம் செய்யச் சொல்கிறது, மற்றொன்று வரியை. கூற்று–காரணம் வகை வினா நல்ல முயற்சிதான். அதிலும் இரண்டு பாடநூல் தொடர்களை ஒட்டவைத்துக் கேட்டால் பயன் குறைவு.

வேறு வகைத் தேர்வுகள்

பதினைந்து வயது மாணவருக்கான பன்னாட்டுத் தேர்வான பிசாவின் வெளியிடப்பட்ட வினாக்களுள் ஒன்று, வியன்னா மருத்துவமனையில் பணியாற்றிய செம்மல்வைஸ் பற்றியது. இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகளில் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் விகிதம் வரைபடமாகத் தரப்படுகிறது. நிலநடுக்கம் இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்பதற்கு அந்தத் தரவிலிருந்தே காரணம் காட்ட வேண்டும். நிலநடுக்கம் என்றால் இரண்டு பிரிவுகளையும் ஒன்றுபோல் தாக்கியிருக்கும். இறப்பு விகிதமோ வேறுபடுகிறது. இதை எழுத எந்த வரையறையும் நினைவில் இருக்க வேண்டியதில்லை.

இந்தத் தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. முடிவுகள் வந்தபோது, பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளுள் இரண்டும் கடைசி இடங்களை ஒட்டியே நின்றன. பொதுத்தேர்வில் பெரும்பாலோர் தேர்ச்சி பெறும் மாநிலத்தில் இது நிகழ்ந்தது. வினாக்கள் நம் சூழலுக்கு அயலானவை என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் முன்பின் பார்க்காத தரவைப் படித்துக் காரணம் சொல்லும் பழக்கத்தை நம் தேர்வுகள் தரவில்லை என்பதை அந்த மறுப்பு மாற்றாது.

எதிர்வாதமும் விடையும்

பல லட்சம் விடைத்தாள்களைச் சில வாரங்களில் திருத்த வேண்டும். விடைக்குறிப்பு ஒன்றுபோல் இல்லாவிட்டால் மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும். மேலும், பாடநூல் மட்டுமே துணையாக உள்ள சிற்றூர் மாணவருக்குப் பாடநூல் வினாவே பாதுகாப்பு. இவை புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல. எல்லா வினாக்களையும் ஒரே ஆண்டில் மாற்றினால் முதலில் அடிபடுவது அந்த மாணவர்தான். வசதியுள்ளவர் புதிய முறைக்கும் தனிப்பயிற்சி தேடிக்கொள்வார்.

ஆனால் திருத்துவதற்கு எளிதான வினா மேம்போக்கான வினாவாக இருக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் ஹாஸ்லம், டிரிகஸ்ட் என்ற ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிச்சேர்க்கை, தாவரச் சுவாசம் ஆகியவை பற்றி உயர்நிலைப்பள்ளி மாணவரின் தவறான கருத்துகளைக் கண்டறிய இருபடி வினாக்களைப் பயன்படுத்தினர். முதற்படியில் விடை, இரண்டாம் படியில் அதற்கான காரணம். இரண்டும் தெரிவு வினாக்களே. "பச்சைத் தாவரம் பகலில் சுவாசிக்கிறதா?" என்பதற்கு "ஆம்" என்று குறிப்பது எளிது. "உயிருள்ள செல்களுக்கு எந்நேரமும் ஆற்றல் தேவை" என்ற காரணத்தையும் தேர்ந்தால்தான் மதிப்பெண் என்றால் குருட்டு விடைக்கு இடம் குறையும். தவறான காரணங்களை மாணவரின் உண்மையான எண்ணங்களிலிருந்தே எடுப்பது இம்முறையின் சிறப்பு.

செய்முறைத் தேர்விலும் சிறு மாற்றம் போதும். இலையில் ஸ்டார்ச் உள்ளதா என்று அயோடினால் சோதிக்கும் சோதனையின் முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும். "செடியை முதலில் இருட்டில் வைப்பது ஏன்? வைக்காமல் விட்டால் முடிவை நம்பலாமா?" என்று கேட்டால், சோதனையின் அடிப்படை புரிந்ததா என்பது தெரிந்துவிடும்.

தொடக்கமாக, 35 மதிப்பெண் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் ஒரேயொரு ஐந்து மதிப்பெண் வினாவை, பாடத்தில் இல்லாத தரவை வைத்துக் கேட்கலாம். அத்தகைய மாதிரி வினாக்களை ஓராண்டு முன்னரே எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் அனுப்பலாம். தேர்வுக்குப் பின், மாணவர் எந்தெந்த இடத்தில் எவ்வகையில் தவறினர் என்ற அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடலாம். இங்கிலாந்தின் தேர்வு வாரியங்கள் இதைச் செய்கின்றன. தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டிலும் அந்த அறிக்கையே அடுத்த ஆண்டு வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு உதவும்.