என் டிவிடி ரெக்கார்டருக்கு ஒரு ஜே!

சேலம், நாமக்கல் பக்கம் எந்த வீட்டுப் பரணைக் கிளறினாலும் ஒரு கல்யாண கேசட்டாவது அகப்படும். ஒரு காலத்தில் பத்திரிகை அடிக்கக் கொடுத்த கையோடு வீடியோகாரருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே போர் போடப் போயிருந்த மாமன் மச்சான்கள் ஊர் திரும்பியதும், டெக் வாடகைக்கு எடுத்துச் சொந்தபந்தமெல்லாம் கூடி உட்கார்ந்து பார்த்த கேசட்டுகள் அவை. இன்றைக்கு டெக்கும் இல்லை, ஹெட் துடைத்துத் தர ஆளும் இல்லை. விஎச்எஸ் டெக்கைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது.

அந்தக் கேசட்டுகளை எனக்கு மீட்டுக் கொடுத்த சாமான் டிவிடி ரெக்கார்டர். அதன் அருமையை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. எங்கள் கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீரும் மங்கல வாழ்த்தும்தான் உயிர். மங்கல வாழ்த்தைக் கம்பர் பாடிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதை முழுக்க மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எங்கள் வீட்டுக் கேசட் ஒன்றில் ஒரு பெரியவர் அதைத் தொடங்கி முடிக்கும்வரை கணீரென்று சொல்கிறார். அவர் இப்போது இல்லை. அந்தக் குரல் வட்டில் ஏறி டிவியில் ஒலித்த அன்று வீட்டில் ஒருவரும் எழுந்து போகவில்லை. என் அத்தை, தன் அம்மா பந்தியில் நின்று பரிமாறுவதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை போடு சாமி" என்றார். அந்த நிமிஷத்துக்காகவே இந்தப் பெட்டிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்!

வேலையோ வெகு சுலபம். டெக்கிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை ரெக்கார்டரில் சொருகி, வட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். கம்ப்யூட்டரில் சொருகும் மலிவான யுஎஸ்பி குச்சியாலும் இதைச் செய்யலாமே என்பவர்கள் உண்டு. நன்றாக இருக்கும் டேப்புக்கு அது சரிதான். வருஷக்கணக்காகப் புழுக்கத்தில் கிடந்த டேப்பில் சிக்னல் தள்ளாடும். படத்தின் மேல்பகுதி கொடியில் போட்ட வேட்டி மாதிரி ஆடும். மலிவான குச்சிகள் பல அதில் திணறிவிடும். நல்ல ரெக்கார்டர் அந்த ஆட்டத்தை உள்ளேயே நிமிர்த்திவிட்டுத்தான் பதியும். பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 மாடல்கள் இதற்கென்றே உலகம் முழுக்கப் பேர் வாங்கியவை. ஹார்ட் டிஸ்க் உள்ள மாடல் அமைந்தால் யோகம். முதலில் அதில் பதிந்து, வெறும் திரை ஓடும் இடங்களை வெட்டிவிட்டு, அப்புறம் வட்டில் ஏற்றலாம்.

வாங்கும்போது பால் முறையில் இயங்குகிறதா என்று பாருங்கள். நம் கேசட்டுகள் நொடிக்கு 25 பிரேம், 625 வரி கொண்ட பால் முறையில் எடுத்தவை. அமெரிக்காவிலிருந்து வருவது என்டிஎஸ்சி முறை, 120 வோல்ட், இங்கே ஒத்துவராது. சிங்கப்பூரிலிருந்து வருவது மின்சாரம், படமுறை இரண்டிலும் நமக்குப் பொருந்தும்.

எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் தரம் கடைசியில் இரண்டு விஷயத்தில் நிற்கிறது: எந்த வேகத்தில் பதிகிறோம், எந்த வட்டில் பதிகிறோம்.

ஒரு வட்டு 4.7 ஜிபி. எக்ஸ்பி முறையில் 1 மணி நேரம், எஸ்பியில் 2, எல்பியில் 4, ஈபியில் 6 அல்லது 8 மணி நேரம் பிடிக்கும். மூன்று மணி நேரக் கேசட் ஒரே வட்டில் அடங்கட்டுமே என்று எல்பிக்குப் போகாதீர்கள். ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் மாறும் பகுதிகளைக் கணக்கிட்டுத்தான் டிவிடி படத்தைச் சுருக்குகிறது. ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வித்தியாசம் தெரியாது. தாலி கட்டும் நேரத்தில் நாலாபக்கமிருந்தும் அட்சதை பறக்கும் பாருங்கள், அங்கேதான் படம் கட்டம் கட்டமாக உடையும். எந்தக் காட்சிக்காகக் கேசட்டையே காப்பாற்றுகிறோமோ அதுவே கெட்டுப்போகும். எஸ்பியில் இரண்டு வட்டாகப் பதியுங்கள். சீரெல்லாம் ஒன்றில், முகூர்த்தம் இன்னொன்றில். அவ்வளவு அழகாக வருகிறது!

வட்டைப் பொறுத்தவரை என் ஓட்டு டிவிடி மைனஸ் ஆருக்குத்தான். 1997இல் பயனீர் கொண்டுவந்தது. பழைய பிளேயர்களிலும் பெரும்பாலும் பிசகாமல் ஓடும். பிளஸ் ஆர் என்பது பிலிப்ஸ், சோனி கூட்டணியின் வழி. அதுவும் நல்ல வட்டுதான். ஆனால் சில ரெக்கார்டர்கள் ஒரு வகையை மட்டுமே ஏற்கும். முன்பக்க முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். ஆர்டபிள்யூ சுமார் ஆயிரம் முறை அழித்து எழுதலாம். ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம், கல்யாணத்துக்கு வேண்டாம். பழைய பெட்டிகளில் சில 16 எக்ஸ் வட்டைக் கண்டால் அடையாளம் தெரியாமல் முழிக்கும். 8 எக்ஸ் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு காலத்தில் கடைக்குக் கடை தொங்கிய மோசர் பேயர் நம் நாட்டு வட்டு. 2018இல் அந்த நிறுவனமே கலைப்புக்குப் போனது. ஜப்பானின் தையோ யூடன் 2015இல் ஒதுங்கியது. இன்று நான் தேடிப்போய் வாங்குவது வெர்பாட்டிமின் ஏஇசட்ஓ சாயம் பூசிய வட்டு. இந்தச் சாயம் வெயிலுக்கு ஆகாது. சேலத்து அக்னி நட்சத்திரத்தில் காருக்குள்ளும் ஜன்னலோரமும் வைக்கக் கூடாது. பேப்பர் லேபிளும் ஒட்டாதீர்கள். பதிந்து முடித்ததும் ஃபைனலைஸ் செய்தால்தான் மற்ற பிளேயர்களில் ஓடும். ஒரு நகலை அப்படியே ஹார்ட் டிஸ்கிலும் போட்டுவையுங்கள். தரம் துளியும் குறையாது.

இப்போது கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் செகண்ட்ஹேண்ட் பெட்டிகள்தான். கிடைக்கும்போதே வாங்கிவிடுங்கள். விற்பவர் முன்னாலேயே ஒரு மைனஸ் ஆர் வட்டில் ஐந்து நிமிடம் பதிந்து, ஃபைனலைஸ் செய்து, வேறொரு பிளேயரில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.