இருட்டுக்கடைக்கு எப்படிப் போவது?

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில் ‘ரோடு மேப்’ என்று ஒரு கேள்வி உண்டு. குட்டியாக ஒரு வரைபடம் கொடுத்து, ஊருக்குப் புதியவருக்கு வழி எழுதச் சொல்வார்கள். நல்ல கேள்விதான். நாம்தான் கெடுத்தோம். ‘கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட், டேக் தி செகண்ட் ரைட்’ என்று கைடில் இருப்பதை உருப்போட்டு, படத்துக்கேற்ப லெஃப்ட், ரைட்டை மாற்றிப் போட்டால் மார்க்.

இதே பையனிடம் திருநெல்வேலி ஜங்ஷனில் யாராவது இருட்டுக்கடைக்கு வழி கேட்கட்டும். “ஈரடுக்குப் பாலத்துல ஏறி நேரா மேற்க போங்க சார். ஆர்ச் வரும். தாண்டிப் போனா நெல்லையப்பர் கோயில். எதுத்தாப்ல பாருங்க, போர்டு இருக்காது, கூட்டம் நிக்கும். சாயங்காலந்தான் தொறப்பாங்க.” (நெல்லைக்காரர்கள் வழி சொன்னால் லெஃப்ட், ரைட்டைவிட வடக்கு, தெற்குதான் அதிகம் வரும். திசை தெரியாதவன் பாடு திண்டாட்டம்.)

இதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘போர்டு இஸ் நாட் தேர். ஈவினிங் ஒன்லி தே ஆர் ஓப்பனிங்’ என்பான். டீச்சர் சிவப்பு மையில் இரண்டு சுழி போடுவார். அல்வா கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு தகவல்களும் அந்தச் சுழிகளுக்குள்தான் இருக்கின்றன. கைடின் பிழையில்லாத வழியில் போனால் மத்தியானம் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

அவன் செய்த தப்புகளில் ஒரு கணக்கு இருக்கிறது. ‘தான்’ தமிழில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். ‘ஒன்லி’யையும் பின்னால் ஒட்டிவிட்டான். ‘திறக்கிறார்கள்’ என்றால் தினமும் திறப்பதும் ஆகும், இந்த நிமிஷம் திறந்துகொண்டிருப்பதும் ஆகும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வடிவம். இவன் எடுத்தது மற்றது. முட்டாள்தனம் இல்லை, தமிழ் இலக்கணம்.

நியூயார்க் சிட்டி காலேஜில் மைனா ஷாக்னஸி என்ற ஆசிரியை இந்த மாதிரிக் கட்டுரைகள் சுமார் 4,000 எடுத்துவைத்து ஆராய்ந்தார். 1970-ல் கல்லூரிக் கதவை அகலமாகத் திறந்துவிட்டதில் உள்ளே வந்த மாணவர்கள் எழுதியவை. தப்புகள் தாறுமாறாக வருவதில்லை, அவற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்று 1977-ல் ‘எர்ரர்ஸ் அண்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ புத்தகத்தில் காட்டினார். ஒழுங்கு தெரிந்தால் திருத்துவது சுலபம்.

நம் பக்கத்திலும் ஒருவர் முயன்றார். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு, 1979-லிருந்து 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய ‘பெங்களூர் ப்ராஜெக்ட்’. இலக்கணத்தை முன்னால் வைக்காமல் வரைபடம், ரயில்வே அட்டவணை என்று கொடுத்து யோசிக்க வைத்தார்கள். விடை சரியா என்பதுதான் முதல் கேள்வி. வெளிநாட்டு மொழி ஆசிரியர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நம் பரீட்சையில் வரைபடம் மட்டும் இருக்கிறது, யோசனை கைடுக்குப் போய்விட்டது.

தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பேர். செயின்ட் ஜான்ஸ் 1878, செயின்ட் சேவியர்ஸ் 1923 என்று பழம்பெருமைக்குக் குறைவில்லை. இருந்தும் சொந்த வாக்கியம் ஆபத்து, கைடு வாக்கியம் பத்திரம் என்று பன்னிரண்டு வருஷம் பழகி வருகிற பிள்ளை, வேலையில் சேர்ந்ததும் நாலு வரி ஈமெயிலுக்குப் பக்கத்து சீட்டைப் பார்க்கிறது.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்த பாரதி, இங்கிலீஷ் படிப்பை நஷ்டக் கணக்கில் எழுதியவர். அவரே 1914-ல் அன்னி பெசன்ட்டைக் கிண்டலடிக்க ‘தி ஃபாக்ஸ் வித் தி கோல்டன் டெயில்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். பாடத்தில் கேட்டதற்காக எழுதியதல்ல, சீண்ட ஓர் ஆள் இருந்ததால் எழுதியது.

ஐம்பது நோட்டு திருத்துகிற டீச்சரிடம் இதையெல்லாம் சொன்னால், “நீங்க வந்து திருத்துங்க சார்” என்பார். நியாயம். ஆனால், நேரத்தைத் தின்பது எல்லாத் தப்புக்கும் சுழி போடுவதுதான். முதல் தடவை வழி புரிகிறதா என்று மட்டும் பார்க்கலாம். ‘எத்தனை மணிக்குத் திறப்பாங்க?’ என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தால் போதும், பையன் திரும்ப எழுதுவான். அடுத்த ரவுண்டில் ‘ஒன்லி’யை மட்டும் கவனிக்கலாம். ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ எல்லாம் தீபாவளிக்கு அப்புறம்.