உள்ளாட்சி இணையதளங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்: ஒரு விமர்சனப் பார்வை

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய அமைப்புகள் மக்களுக்குத் தகவலும் சேவையும் வழங்குவதற்காக நடத்தும் தளங்களே உள்ளாட்சி இணையதளங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், கட்டட அனுமதி, தெருவிளக்குப் புகார் எனக் குடிமக்கள் அன்றாடம் அரசை நாடும் காரியங்களில் பல இப்போது இத்தளங்களின் வழியே நடக்கின்றன. அலுவலக வாசலில் சாய்தளம் இல்லாவிட்டால் சக்கர நாற்காலியில் வருபவர் வெளியே நிற்க நேரிடுகிறது. இணையதளம் சரியாக அமையாவிட்டாலும் அதே நிலைதான். ஆனால் அங்கே வெளியே நிற்பவர் யார் கண்ணிலும் படுவதில்லை.

தமிழ்நாட்டு உள்ளாட்சித் தளங்களின் நிலையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ஒருவர் பிறர் உதவியின்றி ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க முடிகிறதா என்பதே இங்கு அளவுகோல். அவ்வாறு அளந்தால், மிகப் பெரிய தடை தளத்தின் தோற்றத்தைவிட அதில் ஏற்றப்படும் தமிழ் ஆவணங்களில் இருப்பது தெரியவரும்.

அணுகல் என்பதன் பொருள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர் தமிழ்நாட்டில் வாழ்பவர்கள். சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்பதற்கு முன்பு எடுக்கப்பட்ட கணக்கு இது.

இவர்கள் கணினியையும் கைப்பேசியையும் பயன்படுத்தும் முறை பலவகைப்படும். பார்வையற்றோர் 'ஸ்கிரீன் ரீடர்' எனப்படும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகின்றனர். திரையில் உள்ளதை அது குரலாக மாற்றிச் சொல்லும். 2006-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' இவ்வகையில் புகழ்பெற்ற இலவச மென்பொருள். அவரும் அவருடன் இணைந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'டாக்பேக்' என்ற வசதி இதே பணியைச் செய்கிறது. குறைபார்வை உடையோர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கின்றனர். கை நடுக்கம் உள்ளவர் சுட்டியைத் தவிர்த்து விசைப்பலகையால் மட்டுமே தளத்தை இயக்குவார். காது கேளாதோருக்கு ஒளிப்படக் காட்சிகளில் எழுத்துத் தொடரோ சைகை மொழியோ தேவை. அறிவுசார் குறைபாடு உடையோருக்கு எளிய சொற்கள் தேவை.

இத்தேவைகளைத் தொகுத்து உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999 முதல் நெறிமுறைகளை வெளியிட்டு வருகிறது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அவை புதுப்பிக்கப்பட்டன. உள்ளடக்கம் உணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, புரியத்தக்கதாக, பல கருவிகளிலும் குலையாததாக இருக்க வேண்டும் என்ற நான்கு கொள்கைகள் அவற்றின் அடிப்படை. 'ஏ', 'ஏஏ', 'ஏஏஏ' என மூன்று நிலைகள் உண்டு. அரசுத் தளங்களுக்குப் பொதுவாக வேண்டப்படுவது 'ஏஏ' நிலை.

சட்டம் சொல்வது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் தொடர்ச்சியாக வந்தது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. தகவல் தொழில்நுட்பம் உட்பட அணுகலுக்கான தரங்களை விதிகளாக வகுக்க வேண்டும் என்று அதன் 40-ஆம் பிரிவு கூறுகிறது. மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க வேண்டும் என்கிறது 42-ஆம் பிரிவு. உள்ளாட்சி என்ற சொல்லுக்கு இச்சட்டம் தரும் வரையறையில் நகராட்சியும் ஊராட்சியும் அடங்கும்.

2017-இல் வந்த விதிகளின் 15-ஆம் விதி, அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளைத் தளங்களுக்குரிய தரமாகக் குறித்தது. தளத்தில் ஏற்றப்படும் ஆவணங்கள் மின்னூல் வடிவிலோ, எழுத்துணரி மூலம் படிக்கத்தக்க பி.டி.எஃப். வடிவிலோ இருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறியது. 2009-இல் முதலில் வெளியான அந்த வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது.

இவ்வளவு இருந்தும் நடைமுறை மாறாததற்கு ஒரு காரணத்தை உச்ச நீதிமன்றமே சுட்டியது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த நீதிமன்றம், 15(1)-ஆம் விதி வெறும் பரிந்துரைத் தன்மை கொண்டிருப்பதால் அது சட்டத்துக்கு முரணானது என்றது. கட்டாயமான விதிகளைத் தனியே பிரித்து மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், இணையவழி அணுகல் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும் நீதிமன்றம் அறிவித்தது. ஆகவே அணுகல் வசதியைச் சலுகையாகப் பேசும் காலம் முடிந்துவிட்டது.

பொத்தான்களால் ஆன மேற்பூச்சு

பல அரசுத் தளங்களின் தலைப்பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் பொத்தான்கள் இருக்கும். பின்னணியைக் கறுப்பாக மாற்ற ஒரு பொத்தானும் இருக்கும். அணுகல் வசதி செய்யப்பட்டுவிட்டது என்பதற்கு இவையே சான்றாகக் காட்டப்படுகின்றன. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லா உலவிகளிலும் ஏற்கெனவே உண்டு. பெரிதாக்கும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்வதே தளத்தின் வேலை. அதைச் செய்யாமல் பொத்தானை மட்டும் வைப்பதால் பயன் சிறிதே.

ஒரே நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் சரியாகிவிடும் என்று விற்கப்படும் செருகு கருவிகளின் நிலையும் இதுதான். எந்தத் தளத்தையும் நெறிமுறைக்கு ஏற்றதாக மாற்றும் என்று இத்தகைய கருவியை விளம்பரப்படுத்திய நிறுவனம் ஒன்றின் மீது, அக்கூற்றுக்குச் சான்று இல்லை என அமெரிக்க ஒன்றிய வணிக ஆணையம் 2025-இல் நடவடிக்கை எடுத்தது. அந்நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் கிறுக்கல்

உள்ளாட்சித் தளங்களில் மக்களுக்கு மிகவும் தேவையானவை அறிவிப்புகள்: வரி உயர்வு, மன்றத் தீர்மானம், கிராம சபை அழைப்பு, ஒப்பந்தப்புள்ளி, நலத்திட்டப் படிவம். இவை பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்புகளாக ஏற்றப்படுகின்றன. அவற்றில் இரண்டு வகைக் குறைகள் உண்டு.

முதலாவது, ஸ்கேன் செய்த கோப்பு. அலுவலகத்தில் தட்டச்சு செய்து, அச்சிட்டு, கையொப்பமும் முத்திரையும் இட்டு, மீண்டும் ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். தொடக்கத்தில் எழுத்தாக இருந்த செய்தி இறுதியில் படமாகிவிடுகிறது. எழுத்துணரி வசதி இல்லாத திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கம்.

இரண்டாவது குறை தமிழுக்கே உரியது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டவை. பாமினியில் 'அம்மா' என்று தட்டச்சு செய்தால் திரையில் தமிழ்ச் சொல்லே தெரியும். ஆனால் கணினியின் நினைவில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். திரைவாசிப்பான் இந்த ஐந்தையும்தான் படிக்க முயலும். பார்ப்பவருக்கு முழு அறிவிப்பும் தெளிவாக இருக்க, கேட்பவருக்கு ஒரு சொல்கூடத் தேறாது. தேடுபொறியும் அந்த அறிவிப்பைக் கண்டெடுக்காது. ஆகையால் இக்குறை பார்வையுள்ளோரையும் பாதிக்கிறது.

இதற்கான தீர்வு புதியதன்று. ஒருங்குறியையும் 'டேஸ் 16' குறியீட்டையும் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஆணையிட்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருவில் ஆவணம் தயாரிக்கும் வழக்கம் பல அலுவலகங்களில் நீடிப்பதுதான் வருத்தத்துக்குரியது.

மூன்றாவதாக ஒரு சிறு பிழையும் உண்டு. ஒரு பக்கம் எந்த மொழியில் உள்ளது என்பதை அதன் நிரலில் ஒரு குறியால் தெரிவிக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலம் என்று குறித்துவிட்டால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலைத் தேர்ந்தெடுத்துத் தடுமாறும். சில வேளைகளில் தமிழ் வரிகளைச் சொல்லாமலே தாண்டிவிடும். ஒரே சொல்லைத் திருத்தினால் தீரும் குறை இது.

படிவமும் கட்டணமும்

சொத்து வரி செலுத்தும் பணியைச் சான்றாகக் கொள்ளலாம். பார்வையற்ற ஒருவர் வரிவிதிப்பு எண்ணை உள்ளிட வேண்டும். அந்தக் கட்டத்துக்கு நிரலில் பெயர் இடப்படாவிட்டால், திரைவாசிப்பான் 'உள்ளீட்டுக் கட்டம்' என்று மட்டும் சொல்லும். எந்தக் கட்டம் எதற்கு என்று அவர் ஊகிக்க வேண்டியதுதான். அடுத்து வருவது 'கேப்சா' என்னும் கோணல் எழுத்துப் படம். ஒலிவடிவ மாற்று இல்லையென்றால் அவருடைய பயணம் அங்கேயே முடிந்துவிடும். அதைக் கடந்தாலும், பிழையான கட்டத்தைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால் அவருக்கு எதுவும் தெரியாது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு உள்ளிடுவதற்குள் நேரம் முடிந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்க நேரும்.

பத்துப் படிகளில் ஒன்பது சரியாக இருந்து ஒன்று தவறினாலும் வரி கட்டப்படுவதில்லை. தானியங்கிச் சோதனைக் கருவிகள் தளத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் பணி முடிந்ததா என்பதை அவற்றால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் பயன்படுத்துபவரே.

முன்வைக்கப்படும் மறுப்புகள்

இ-சேவை மையத்துக்குச் சென்றால் செய்து தருவார்களே என்பது முதல் மறுப்பு. அம்மையங்கள் பலருக்குப் பயன்படுகின்றன என்பது உண்மை. ஆயினும் எல்லோருக்கும் வீட்டிலிருந்தே கிடைக்கும் சேவைக்கு ஒருவர் மட்டும் பயணச் செலவும் கட்டணமும் கொடுப்பது சமத்துவமாகாது. ஆதார் எண், வங்கி விவரம், ஓ.டி.பி. ஆகியவற்றை அறிமுகமற்றவர் கையில் ஒப்படைப்பதில் ஆபத்தும் உண்டு. மருத்துவ விவரம் அடங்கிய விண்ணப்பங்களில் அந்தரங்கமும் போய்விடுகிறது.

சிற்றூராட்சிக்கு இதற்கெல்லாம் நிதி ஏது என்பது இரண்டாம் மறுப்பு. ஒவ்வோர் ஊராட்சியும் தனியே தளம் கட்ட வேண்டியிருந்தால் இது நியாயமான கேள்வியே. ஆனால் தமிழ்நாட்டில் பல நகர்ப்புற உள்ளாட்சிகளின் வரி வசூல் மாநில அளவிலான பொதுத் தளத்தின் வழியே நடக்கிறது. ஊராட்சிகளின் வரிக்கும் அத்தகைய பொதுத் தளம் உண்டு. ஓரிடத்தில் திருத்தினால் மாநிலம் முழுவதும் பயன்பெறும். ஒருங்குறியில் தட்டச்சு செய்வதற்கோ கூடுதல் செலவு எதுவும் இல்லை.

பயன்படுத்துவோர் மிகச் சிலர்தானே என்பது மூன்றாவது. கதவு பூட்டியிருக்கும் வீட்டுக்குள் யாரும் வருவதில்லை என்பதால் வருவதற்கு ஆளில்லை என்று முடிவு செய்ய முடியாது. மேலும், வயது முதிர்ந்து பார்வை மங்கியவர்களும் பழைய கைப்பேசி வைத்திருப்பவர்களும் இதே வசதிகளால் பயனடைகின்றனர்.

செய்யத்தக்கவை

1. அறிவிப்புகளை ஒருங்குறியில் எழுதி, தளத்தின் பக்கத்திலேயே உரையாக வெளியிட வேண்டும். கையொப்பமிட்ட படி தேவையெனில் அதை உடன் இணைக்கலாம்.
2. பக்கத்தின் மொழி, தலைப்புகள், படிவக் கட்டங்களின் பெயர்கள், படங்களுக்கான விளக்கம் ஆகியவற்றை நிரலில் சரியாகக் குறிக்க வேண்டும்.
3. கேப்சாவுக்கு மாற்று வழியும், நேரத்தை நீட்டிக்கும் வசதியும் தர வேண்டும்.
4. தளம் கட்டுவதற்கான ஒப்பந்தப்புள்ளியிலேயே அணுகல் தரத்தை நிபந்தனையாக்கி, மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு ஊதியம் தந்து சோதித்த பின்னரே பணத்தை விடுவிக்க வேண்டும்.
5. எவை இன்னும் அணுகத்தக்கதாக இல்லை, யாரிடம் முறையிடலாம் என்பதைத் தளத்திலேயே அறிவிக்க வேண்டும். பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டு விதிகள் உள்ளாட்சிகள் உள்ளிட்ட பொது அமைப்புகளுக்கு இதைக் கட்டாயமாக்கின.

அமெரிக்க நீதித்துறையும் மாநில, உள்ளாட்சித் தளங்கள் 'ஏஏ' நிலையை எட்ட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விதி வெளியிட்டது. இவ்வகையில் உள்ளாட்சிகளைக் குறிப்பாக வைத்துப் பேசும் தெளிவான, கட்டாயமான விதிகளே இங்கும் தேவை.

முடிவுரை

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த வழிசெய்யும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். அதே வேளையில் இது ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. மன்றத்தில் இடம்பெறும் பார்வையற்ற உறுப்பினருக்குக் கூட்டத்தின் பொருள் நிரல் ஸ்கேன் செய்த கோப்பாக வந்தால், அவர் எதைப் படித்து விவாதிப்பார்? அருகில் இருப்பவர் வாசித்துச் சொன்னதை மட்டும் நம்பிக் கையுயர்த்த வேண்டிய நிலை ஏற்பட்டால், கிடைத்த இருக்கையின் பயன் பாதியாகக் குறைந்துவிடும். அவருக்கு ஏற்ற வடிவில் எழுதப்படும் ஆவணம், வீட்டில் இருந்தபடி வரி கட்ட முயலும் பார்வையற்ற குடிமகனுக்கும் ஏற்றதாகவே இருக்கும். ஆகவே சீர்திருத்தத்தை ஆவணம் தட்டச்சு செய்யப்படும் மேசையிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது.